சரிங்க, பாக்கலாமுங்க

கோயமுத்தூருக்குப் போவதை எங்கள் ஊரில் யாரும் பயணம் என்று சொல்வதில்லை. பல்லடத்தில் பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டால் சிங்காநல்லூர் வந்துவிடும். துணி எடுக்க, பல் பிடுங்க, கல்யாணத்தில் தலையைக் காட்ட என்று போவார்கள், இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் போய்வந்திருக்கிறேன். இந்த முறை மட்டும் பையைத் தூக்கும்போதே பயமாக இருந்தது.

எங்கள் திருச்சபையின் தேசியப் பேரவை இந்த வருடம் கோவையில் கூடியது. நாடு முழுவதிலுமிருந்து ஆயர்களும் சபைப் பிரதிநிதிகளும் வந்தார்கள். ஒவ்வொரு சபையிலிருந்தும் போதகர் ஒருவர், மக்கள் பிரதிநிதி ஒருவர் போகவேண்டும். போதகர் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். அப்பா இன்னமும் கோழிப்பண்ணையில்தான் வேலை செய்கிறார். வேதாகமக் கல்லூரியில் படித்து அங்கி போட்டுக்கொண்ட பிறகும், பெரிய மனிதர்கள் இருக்கும் அறைக்குள் நுழையும்போது செருப்பை எங்கே விடுவது என்றுதான் முதலில் யோசிப்பேன்.

பயத்துக்கு வேறு காரணமும் இருந்தது. எங்கள் சபையில் ஞாயிறு காலை தமிழ் ஆராதனை, மதியத்துக்கு மேல் இந்தி ஆராதனை. மதியம் வருகிறவர்கள் ஜார்க்கண்ட், ஒடிசாப் பக்கமிருந்து வந்து விசைத்தறியிலும் நூல் மில்லிலும் வேலை செய்கிறவர்கள். அதில் பாதிப் பேர் மில் விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள். நடந்து வந்து, பாடி, ஜெபித்து, இருட்டுவதற்குள் விடுதிக்குள் போய்விட வேண்டும். தாமதமானால் வார்டன் அடுத்த வாரம் விடமாட்டார். இப்படி அங்கங்கே நடக்கும் ஆராதனைகளை நிறுத்திவிட்டு, கோவை நகரத்தில் ஒரே பெரிய மையமாக நடத்தலாம் என்று ஒரு திட்டம் பேரவைக்கு வந்திருந்தது. நிறைவேறினால் எங்கள் மதிய ஆராதனை போய்விடும். இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போய்வர அந்தப் பெண்களுக்கு அனுமதி கிடைக்கப்போவதில்லை.

பிரதிநிதியாக வரச் சொல்லிச் சபை மூப்பர் தங்கராஜ் அண்ணனைக் கேட்டேன்.

“சரிங்க பாஸ்டர், பாக்கலாமுங்க” என்றார்.

அவர் வரமாட்டார் என்பது தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ‘சரிங்க’ என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். கூடவே ‘பாக்கலாமுங்க’ வந்தால் ஆகாது என்று அர்த்தம். முகத்துக்கு நேராக ‘இல்லை’ என்பது எங்கள் ஊரில் வாசலில் வந்தவரைப் பிடித்துத் தள்ளுவதுபோல. அதனால் அண்ணனை மறுபடி கேட்காமல் சுமந்தி அக்காவைக் கேட்டேன். “வாரேனுங்க” என்றார். அது நிஜமான வாரேன்.

சுமந்தி அக்காவுக்கு ஜார்க்கண்டில் சிம்டேகாப் பக்கம். கணவரோடு தறி ஓட்டுகிறார், மதிய ஆராதனையில் பாட்டு எடுத்துக்கொடுக்கிறவர் அவர்தான். தமிழைத் தறிக்குடோனிலேயே கற்றுக்கொண்டதால் தறிச்சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற குரலில்தான் பேசுவார். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ இருக்கும்.

காரணம்பேட்டை தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் நடந்தார். பின்னால் வந்த பஸ்கள் படியில் ஆளோடு வந்து நிற்காமல் போயின. துவக்க ஆராதனைக்குத் தாமதமானால் எல்லார் முன்னாலும் நடந்துபோய் உட்காரவேண்டுமே என்று நான் மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுமந்தி அக்கா ரோட்டில் இறங்கிக் கையை நீட்டினார். ஒரு முட்டை வேன் நின்றது.

“எங்கீங்க போகோணும்?” என்றார் வேன்காரர். உக்கடத்தில் முட்டை மொத்த வியாபாரம் செய்கிற பாய்.

“ரேஸ்கோர்ஸ் பக்கமுங்க.”

“ஏறுங்க. சீட்டுலயும் முட்டை இருக்குது. ஆளுக்கு ரெண்டு அட்டை மடியில வெச்சுக்கோணும்.”

வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், மடியில் முட்டை. சூலூர் வரைக்கும் நான் மூச்சுவிட்டதாக நினைவில்லை. விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய ஒரு விமானம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போனபோது அட்டையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

“கொஞ்சம் மெதுவாப் போங்க பாய்.”

“நான் மெதுவாத்தானுங்க போறேன். ரோடுதான் வேகமா வருது.”

“எங்க பாஸ்டரு பயப்படுறாருங்க” என்றார் சுமந்தி அக்கா.

“பயப்படட்டுமுங்க. தைரியமான ஆளுக எல்லாம் போன்ல பேசிட்டே வந்து ஒடச்சுப்போட்டாங்க. எனக்குப் பயந்தவங்க மடிதான் வேணும்.”

என் மடியில் ஒன்றும் உடையவில்லை. ஆனால் இறங்கும்போது சட்டையெல்லாம் கோழித்தீவன வாசம். பேரவை நடந்த பழைய பள்ளிக்கூட வளாகத்தின் வாசலில் கழுத்தில் சால்வை போட்டு வரவேற்ற பெண், மூக்கைச் சுளிக்காமலிருக்க முயற்சி செய்தது தெரிந்தது. வேலை முடிந்து அப்பா வீட்டுக்குள் வரும்போது வருகிற அதே வாசம். துவக்க ஆராதனை முழுக்க அந்த வாசத்தோடுதான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

நாற்பது கிலோமீட்டர்கூட வரவில்லை, வேறு நாட்டுக்குள் வந்துவிட்டது போலிருந்தது. பஞ்சாபிலிருந்து வந்தவர் தேங்காய்ச் சட்னியைத் தயிர் என்று நினைத்துக் கிண்ணத்தோடு குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, கொஞ்சம் உப்பு அதிகம் என்றார். என் அறையில் தங்கிய நாகாலாந்துப் போதகர், பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது பைபிளை அல்ல, ஒரு பாட்டில் மிளகாய் ஊறுகாயை. மதியம் அரிசிம்பருப்புச் சோறு போட்டார்கள். அவர் அதில் ஊறுகாயைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “இதைச் சமைத்தவரை எங்கள் மலைக்கு அழைத்துப் போகவேண்டும்” என்றார் ஆங்கிலத்தில். நான் அதே சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அந்தத் திட்டத்தைப் பேசும் குழுக்கூட்டம் இருந்தது.

ஜார்க்கண்ட்காரர்கள் சுமந்தி அக்காவைக் கண்டுபிடித்துத் தங்கள் மேசைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். அங்கே ஒரே சிரிப்பு. என்னவென்று போய்ப் பார்த்தேன்.

“என்னைய மதராசீங்கறாங்க பாஸ்டரு” என்றார் அக்கா. “இந்தி பேசறப்பவும் ‘ங்க’ போடறனாமா. ‘ஹாங்க’, ‘ஜீங்க’ன்னு வந்துபோடுதுங்க. நான் என்னங்க பண்றது?”

குழுக்கூட்டம் ஒரு வகுப்பறையில் நடந்தது. நடத்தியவர் ஜெபமணி ஐயா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், போன வருடம்தான் எங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பாக வந்தார். எந்தப் போதகர் எந்த ஊருக்கு என்று மே மாதம் மாறுதல் போடுகிறவரும் அவர்தான். கணீரென்ற குரல். நகர மையத்துக்கு எவ்வளவு பெரிய கட்டடம், எப்படிப்பட்ட இசைக்குழு, நோயாளிகளுக்கு என்ன உதவி என்று அவர் விளக்கும்போது கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சிதறிக் கிடக்கிறவர்களைச் சேர்த்து உட்காரவைக்க வேண்டும் என்கிற ஆசை உண்மையாகவே இருந்தது. பேசிக்கொண்டே வந்து என் தோளில் கை வைத்தார்.

“ஒங்க மதிய ஆராதனையையும் இதுல சேத்துருவோம். என்ன தம்பி?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த மரியாதையோடு மறுத்தேன்.

“சரிங்க ஐயா, பாக்கலாமுங்க.”

அவர் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த சபைக்குப் போனார். கண்டம் தாண்டியது என்று நினைத்து வெளியே வந்து டீ குடித்தேன். இரண்டு வடை தின்றேன். கோவைக்கு வந்ததிலிருந்து நான் பசித்துத் தின்றது அப்போதுதான்.

மறுநாள் காலை இடியாப்பம்போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப் பாலும். வடக்கேயிருந்து வந்தவர்கள் அந்தச் சிக்கலை எங்கிருந்து பிரிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுமந்தி அக்கா தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

“நீங்க ஒத்துக்கிட்டீங்களாமா பாஸ்டரு? எங்க ஊருக்காரங்க சொல்றாங்க. ஒங்க பாஸ்டரு நல்லவரு, மறுபேச்சில்லாம ஒத்துக்கிட்டாரு, இனிமே நீங்க டவுன்ல வந்து கும்புடலாம்னு.”

“நான் எங்கக்கா ஒத்துக்கிட்டேன்?”

“நீங்க என்னன்னு சொன்னீங்க?”

“சரிங்க, பாக்கலாமுங்கன்னேன்.”

அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டார். “அப்ப முடியாதுன்னுதானுங்க சொல்லியிருக்கீங்க?” சிரிப்பு அப்படியே நின்றது. “அவருக்கு அது தெரியுமுங்களா?”

தெரியாது. அவர் ஊரில் சரி என்றால் சரி. பார்க்கலாம் என்றால் உட்கார்ந்து பார்ப்பார்கள். என் கையிலிருந்த சந்தகை தட்டில் விழுந்தது.

“நீங்களே பேரவையில எந்திரிச்சுப் பேசுனா என்னங்கக்கா?”

“பேசுவனுங்க. ஒங்க பாஸ்டரே சரின்னாரு, நீ ஏன் மாத்திப் பேசறேன்னு கேப்பாங்க. அப்ப நான் என்ன சொல்லட்டுமுங்க?”

தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

ஜெபமணி ஐயாவைத் தேடிப்போனேன். மைதானத்து வேப்பமரத்தடியில் யாரோ நான்கைந்து பேரோடு நின்றிருந்தார். பத்தடி தள்ளி நின்றேன். அவராகக் கூப்பிட்டார்.

“வாங்க தம்பி, சாப்ட்டியளா?”

“சாப்ட்டனுங்க. ஐயா, அந்த ஆராதனை விஷயமுங்க...”

“அதப் பத்திக் கவலப்படாதீங்க. மொத ஆளா சரின்னு சொன்னது நீங்கதான். ஒங்களச் சொல்லித்தான் மத்தவங்களயும் சம்மதிக்க வச்சேன்.” பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பினார். “இந்தப் பக்கத்துப் பையன். ரொம்ப மரியாத.”

இவ்வளவு பேர் முன்னால் அவர் சொன்னதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் பொய் சொன்னதாகிவிடாதா? வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா?

“சரிங்க ஐயா.”

மதியம் அறையில் தனியாக உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“பெரியவங்ககிட்ட எதுத்துப் பேசீராத சாமி. பதனமா பாக்கலாமுங்கன்னு சொல்லீரு.”

“அதைத்தாம்ப்பா சொன்னேன்.”

“சொல்லிப்போட்டயா? அப்பறம் என்ன?”

“அவரு ஒத்துக்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டாரு.”

அப்பாவுக்குப் பின்னால் கோழிகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. “அதெப்படி அப்பிடி நெனைப்பாங்க?” என்றார் அப்பா. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

நான் எட்டாவது முடித்தபோது பண்ணைக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, “பையன் படிச்சது போதும், ஷெட்டுக்கு அனுப்பு” என்றார். அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “சரிங்க, பாக்கலாமுங்க” என்றார். பண்ணைக்காரரும் எங்கள் ஊர்க்காரர்தானே, அவருக்குப் புரிந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் விட்டுவிட்டார். ஜூன் மாதம் நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். அப்பாவுக்குத் தெரிந்த எதிர்ப்பு அது ஒன்றுதான், அவர் எனக்குக் கொடுத்ததும் அதைத்தான். சூலூர் தாண்டினால் அது செல்லாது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடைசி நாள் பேரவை பெரிய மண்டபத்தில் கூடியது. மின்விசிறிகள் சுற்றினாலும் என் முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. தலைவர் நாற்காலியில் வடகிழக்கிலிருந்து வந்த ஒரு மூத்த அம்மையார். மெல்லிய குரல், யாரையும் அவசரப்படுத்தாதவர். மேடையின் ஓரத்தில் மொழிபெயர்க்கிறவர்கள். தமிழுக்கு ஜெபமணி ஐயா உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விடலாமா என்று தோன்றியது. நான் தமிழில் பேசினால் அதை ஆங்கிலத்தில் சொல்லப்போகிறவர் அவர்தான்.

குழு அறிக்கையை வாசித்தார்கள். எங்கள் சபைப் பெயர் வந்தது. ‘போதகர் மனமுவந்து இசைந்தார்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது.

“யாருக்காவது மறுப்பு உண்டா?” என்றார் தலைவர்.

கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் மே மாதம் நான் எங்கே இருப்பேனோ. தூக்காவிட்டால் வருகிற ஞாயிறு அந்தப் பெண்கள் பாதையில் பேசிக்கொண்டு நடந்து வருவார்கள், அவர்களிடம் நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு பயத்தில் எது பெரிது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் தலைவர் காகிதத்தைப் புரட்டினார். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்துவிட்டேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தூங்குகிறவன் பஸ் நிற்கிற குலுக்கலில் எழுந்திருக்கிற மாதிரிதான் எழுந்தேன்.

மைக் கைக்கு வந்தது. படித்து வைத்திருந்த ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

“இல்லீங்க” என்றேன்.

மண்டபம் காத்திருந்தது. ஜெபமணி ஐயா மொழிபெயர்க்கவில்லை. மேடையிலிருந்து, “என்ன இல்ல தம்பி?” என்றார்.

“நான் ஒத்துக்கலீங்க ஐயா.”

“சரின்னுதானே சொன்னிய?”

“சொன்னனுங்க. அது கேட்டுக்கிட்ட சரிங்க. ஒத்துக்கிட்ட சரி இல்லீங்க. பாக்கலாமுங்கன்னும் சொன்னனுங்க. எங்கூர்ல அப்பிடிச் சொன்னா வேண்டாம்னு அர்த்தமுங்க.” குரல் நடுங்கியது, மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. “ஐயா மேல தப்பில்லீங்க. நான்தான் தெரியற மாதிரி சொல்லியிருக்கோணும். சொல்லப் பயமா இருந்துதுங்க. மில் புள்ளைங்க இருட்டறதுக்குள்ள விடுதிக்குப் போகோணும். டவுனுக்கு வர முடியாதுங்க. இங்க மாத்துனா அவங்களுக்கு ஆராதனையே இல்லாமப் போயிருமுங்க.”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் நான் சொன்னதை அவர் எப்படி வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் ஒரு சொல் குறையாமல் சொன்னார். பயமாக இருந்தது என்றதையும், ஐயா மேல் தப்பில்லை என்றதையும் சேர்த்தே சொன்னார். இரண்டாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

தமிழ் வரிசைகளில் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஜார்க்கண்ட் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: “உங்கள் ஊரில் ஒருவர் உண்மையாகவே ஒப்புக்கொண்டால் என்ன சொல்வார்?”

நான் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து சுமந்தி அக்காவின் தறிக்குடோன் குரல் வந்தது.

“‘செஞ்சுபோடலாமுங்க’ம்பாங்க.”

அதையும் ஐயாவே மொழிபெயர்த்தார். தலைவர் புன்னகை செய்தார். எங்கள் ஊரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம், மற்ற ஊர்களிலும் அந்தந்த மக்களையே கேட்டுவிட்டு மேலே போகலாம் என்றார். கைகள் உயர்ந்தன. நான் உட்கார்ந்தேன். நாகாலாந்துக்காரர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார், நான் எதைத் துடைப்பது என்று தெரியாமல் மைக்கைத் துடைத்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டில் ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளி, இருந்தது. கையில் எடுத்தேன், வாய்க்குப் போகவில்லை. ஜெபமணி ஐயா தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒப்புட்டைப் பிட்டு, நெய் போதாது என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார். அப்புறம்தான் என்னிடம் திரும்பினார்.

“எங்கூர்ல இப்படி யாரும் பேசுறதில்ல தம்பி. வேணாம்னா வேணாம்னுருவோம். அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு இந்த அவமானம் இல்ல.”

“மன்னிச்சுக்கோங்க ஐயா.”

“அது கெடக்கு. மே மாசம் மாறுதல் வருது, தெரியும்லா?”

ஒப்புட்டைத் தட்டில் வைத்தேன். ஏற்கனவே ஒருதரம் வாயைத் திறந்துவிட்டதால் இரண்டாவது தரம் கொஞ்சம் சுலபமாக இருந்தது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. முதல் தரத்தைவிடக் குரல் அதிகம் நடுங்கியது.

“நான் அங்கயே இருக்கோணுமுங்க ஐயா. இப்பத்தான் அவங்க பாஷை கொஞ்சம் வருது. புதுசா வர்றவரு மதிய ஆராதனை எதுக்குன்னு நிறுத்திப்போட்டா என்னங்க பண்றது?”

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். கோபமா, பரிவா, எதுவும் தெரியவில்லை. கை கழுவ எழுந்தார்.

“பாக்கலாம்” என்றார்.

திரும்பும்போது பஸ் எங்கும் நிற்கவில்லை. சன்னலோரம் சுமந்தி அக்கா, மடியில் ஜார்க்கண்ட்காரர்கள் கொடுத்த அவல் பொட்டலம். சிங்காநல்லூர் தாண்டியதும் ஒரு பிடி எடுத்து என் கையில் போட்டார். நன்றாகப் பேசினீர்கள் என்றெல்லாம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன பாட்டு எடுக்கலாம் என்று கேட்டார். நானும் ஏதோ சொன்னேன். சூலூரில் ஆள் இறங்கிப் பஸ் கொஞ்சம் காலியானது.

“ஐயா ஒங்ககிட்ட உக்காந்து பேசிட்டிருந்தாரே, என்னங்க பாஸ்டரு?”

“மாறுதல் பத்திங்கக்கா. நான் இங்கயே இருக்கோணும்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“பாக்கலாம்னாரு.”

அக்கா அவலை மெல்வதை நிறுத்தினார். தறிகளின் சத்தம் இரண்டு பக்கமும் கேட்கத் தொடங்கியிருந்தது, ஆனாலும் அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“அது எந்த ஊருப் பாக்கலாமுங்க?”